மெல்ல நடக்கும் நாவல்: ‘பள்ளிகொண்டபுரம்’ வாசிப்பில் எழும் இருமனம்

ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன்னர், யாம் நடத்திய இலக்கிய வகுப்பொன்றின் தேர்வில், நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலைத் திறனாய்க என்று ஒரு வினா அமைத்திருந்தோம். மாணவர் பெரும்பாலோர் வழக்கம்போல் எழுதினர். கதைக்கரு, பாத்திரப் படைப்பு, உத்தி, நடை என்று தலைப்பிட்டு, இறுதியில் இது தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்று என முடித்தனர். ஒரு மாணவி மட்டும் வேறுவிதமாகத் தொடங்கியிருந்தார். இந்நாவலைத் தாம் இருமுறை பாதியில் மூடிவைத்ததாகவும், மூன்றாம் முறை முடித்தபின் பல நாள் மனம் கனத்துக் கிடந்ததாகவும், இதனை நல்ல நூல் என்பதா, தம்மை வருத்திய நூல் என்பதா எனத் தமக்குத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். யாம் அப்பத்தியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ‘திறனாய்வு அன்று’ எனக் குறித்தோம்.

அம்மதிப்பீடு பிழையானது. மாணவர் உணர்ச்சியை மதிக்க வேண்டும் என்னும் பொதுவான காரணத்தால் மட்டும் இதனைக் கூறவில்லை. அந்நாவலைப் பற்றிச் சொல்லத்தக்க முதன்மையான உண்மையை அவர் ஒருவரே தொட்டிருந்தார், ஏனையோர் தொடவில்லை. அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாவலை அறியாதோர்க்குச் சுருங்கக் கூறுவோம். நீல பத்மநாபன் 1938-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர், தொழிலால் மின்பொறியாளர். 1968-இல் வெளிவந்த ‘தலைமுறைகள்’ நாவலில் இரணியல் வட்டாரத் தமிழை அச்சில் ஏற்றிப் பலரையும் திரும்பிப் பார்க்கச் செய்தார். ‘பள்ளிகொண்டபுரம்’ 1970-இல் வந்தது. அனந்தன் நாயர் என்னும் எளிய ஊழியர் தம் ஐம்பதாம் பிறந்தநாளன்று விடியலில் பத்மநாபசுவாமி கோயிலுக்குச் செல்கிறார். அந்நாளை ஒட்டிய பொழுதில் அவர் நகரில் நடக்கிறார், பார்க்கிறார், நினைக்கிறார். அவருடைய மனைவி கார்த்தியாயினி பல்லாண்டுகளுக்கு முன்னரே அவரை விட்டு, செல்வமும் செல்வாக்கும் உடைய விக்ரமன் தம்பியிடம் சென்றுவிட்டாள். பிள்ளைகள் இருவரையும் வளர்த்தவர் இவரே. புறத்தே நிகழ்வது இவ்வளவுதான் என்று கூறிவிடலாம். எஞ்சிய பக்கங்கள் எல்லாம் நினைவு.

யாம் இதனை முதன்முதலில் படிக்க முயன்றது, தோட்டத்து வீட்டில் இரவு பத்து மணிக்கு மின்சாரம் நின்றுவிடும் காலத்தில். நாள்தோறும் கிடைத்த ஒரு மணி நேரத்தில், அனந்தன் நாயர் ஒரு தெருவைக் கடந்திருப்பார். சில நாள் அதுவும் இராது. சலித்துப்போய்த் திருப்பிக் கொடுத்தோம். இரண்டாம் முறை வகுப்புக்காகப் படித்தோம். அப்படிப்பு படிப்பாகாது, குறிப்பெடுத்தல் ஆகும். பணி ஓய்வுக்குப் பின்னரே அதனை ஒரு நாவலாகப் படித்தோம். அப்போதும் இருமனமே மிஞ்சியது.

‘மெதுவான நாவல்’ என்று எல்லோரும் கூறுகிறோம். மெதுவாவது எது? தாளும் மையும் ஓடுவதில்லை. ஆகவே இது ஓர் உருவகம். இதனைச் சற்றுத் திட்டமாகப் பேச வழிசெய்தவர் ஜெர்மானிய அறிஞர் குந்தர் மியூலர். ஒரு கதையைச் சொல்ல ஆகும் காலம் வேறு, சொல்லப்படும் கதைக்குள் கழியும் காலம் வேறு என அவர் 1948-இல் பிரித்துக் காட்டினார். முன்னதைப் பக்கங்களால் அளக்கலாம். பின்னதை நாளாலும் ஆண்டாலும் அளக்கலாம். பிரெஞ்சு அறிஞர் ஜெரார் ஜெனத் 1972-இல் இவ்விரண்டிற்கும் உள்ள உறவை நான்காக வகுத்தார். பத்தாண்டுகளை ஒரு வரியும் இன்றிக் கடப்பது தாவல். அவற்றையே ஒரு பத்தியில் கூறுவது சுருக்கம். உரையாடலைப்போல இரண்டு காலமும் ஏறத்தாழ ஒத்துச் செல்வது காட்சி. பக்கங்கள் ஓட, கதைக்குள் கடிகாரம் நின்றுவிடுவது நிறுத்தம். நம் மாணவர் விரும்பிப் படிக்கும் தொடர்கதைகள் காட்சியாலும் தாவலாலும் ஆனவை. ‘பள்ளிகொண்டபுரம்’ போன்றவை பெரிதும் நிறுத்தத்தால் ஆனவை.

ஆயினும் நிறுத்தம் என்னும் சொல் இந்நாவலுக்கு முழுதும் பொருந்தாது. அனந்தன் நாயரின் காலடி நிற்கும்போது அவருக்குள் வேறொரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வெளியே ஒரு நிமிடம். உள்ளே ஓர் ஆண்டு. நனவோடை என நாம் தமிழில் வழங்கும் உத்தி இதுவே. அப்பெயருக்கு மூலமான தொடரை உளவியலார் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட நூலில் பரவச் செய்தார். ஜேம்ஸ் ஜாய்ஸ் 1922-இல் வெளியிட்ட ‘யுலிசிஸ்’ நாவலும் டப்ளின் நகரில் ஒருவர் ஒரு நாள் முழுதும் அலைவதைக் கூறுவது. அவர் மனத்திலும் மனைவியின் பிறழ்வு முள்ளாய்க் கிடக்கிறது. ஒப்பிட விரும்புவோர் ஒப்பிடலாம். ஆனால் ப்ளூம் இரவில் திரும்பிச் செல்லும் வீட்டில் அவர் மனைவி இருக்கிறாள். அனந்தன் நாயரின் வீட்டில் கார்த்தியாயினி இல்லை. அந்த ஒரு வேறுபாடே இரண்டு நூல்களின் மனநிலையையும் வெவ்வேறாக்கப் போதுமானது.

இனி எம் துறைக்கு உரிய செய்தி. தமிழ் வினைமுற்றுக்கு ஓர் ஆற்றல் உண்டு. பேச்சில் நாள்தோறும் அதனைப் பயன்படுத்தியும் அதனை நாம் கவனிப்பதில்லை. ‘அவர் கோயிலுக்குப் போனார்’ என்றால் ஒருமுறை நிகழ்ந்தது. ‘அவர் அந்நாள்களில் கோயிலுக்குப் போவார்’ என்றால் பலமுறை நிகழ்ந்தது. போவார் என்பது வடிவத்தால் எதிர்காலம்; பொருளோ கடந்தகால வழக்கம். பள்ளியில் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்று கட்டங்களில் வினையை அடைத்துக் கற்பிக்கும் நாம், இந்தப் பயன்பாட்டைக் கூறாமல் விட்டுவிடுகிறோம். நினைவைச் சொல்லும் எழுத்தாளனுக்கு இதனினும் சிறந்த கருவி இல்லை. பலமுறை நிகழ்ந்ததை ஒருமுறை கூறிவிட உதவுவது இது. ‘மாலையில் விளக்கேற்றுவாள், திண்ணையில் வந்து அமர்வாள், குழந்தை ஓடிவரும்’ என யாம் இங்கே ஆக்கிக் காட்டும் தொடரைப் பாருங்கள். எந்த மாலை எனக் கேட்க இயலாது, எல்லா மாலையும்தான். இப்படியே பத்து வரி சென்றபின், ‘ஒருநாள் போனாள்’ என்று ஓர் இறந்தகால முற்று வந்தால் அதன் கூர்மை எத்தகையது! போவாள், வருவாள் என்பவை திரும்ப வரும் காலம். போனாள் என்பது திரும்பி வராத காலம். மெதுவான நாவலில் பெரிய நிகழ்ச்சி என்பது பெரும்பாலும் இத்தகைய கால மாற்றமே. விரைந்து படிப்போர் கண்ணுக்கு அது தப்பிவிடும்.

வாக்கியம் நீளமாக இருப்பதால் நாவல் மெதுவாகிறது என்று பலர் கருதுகின்றனர். யாமும் அவ்வாறே கற்பித்தோம். வினையெச்சங்களை அடுக்கி, முற்றுவினையைக் கடைசிவரை தராமல் காக்கவைப்பது தமிழ்த் தொடரமைப்பின் இயல்பு. எழுந்து, குளித்து, ஈரம் காயாமல் நடந்து, படியேறி, நின்று என்று செல்லும் தொடர் நம்மைக் காத்திருக்கச் செய்கிறது. உண்மைதான். ஆனால் பாய்ந்து, தாவி, வாளை உருவி, சுழற்றி என்பதும் அதே தொடரமைப்பே. சரித்திரக் கதைகளில் அது குதிரை வேகத்தைத் தருகிறது. எனவே மெதுவுக்குக் காரணம் எச்சத்தொடர் அன்று.

இதற்கு எதிர்ப்பக்கச் சான்று மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’. 1958-இல் வெளிவந்து, 1961-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நாவல், மலேசியத் தமிழாசிரியர் பலர் இளமையில் படித்துக் கலங்கிய நூல். மு.வ.வின் வாக்கியங்கள் சிறியவை; தெளிந்தவை; ஒரு சொல் மிகாதவை. இருந்தும் அந்நாவல் விரைந்து செல்வதில்லை. வேலய்யன் தன் நண்பன் சந்திரனின் வாழ்வு சிறிது சிறிதாகச் சிதைவதைச் சொல்லிக்கொண்டே வருகையில், ஆங்காங்கே கதை நின்று, வாழ்க்கை பற்றிய சிந்தனை தொடங்கிவிடுகிறது. அங்கே நின்று பேசுபவர் ஆசிரியர். நம்மை நோக்கிப் பேசுகிறார். ‘பள்ளிகொண்டபுரம்’ நாவலில் நின்றுவிடுபவர் அனந்தன் நாயர். அவர் நம்மை நோக்கிப் பேசவில்லை. நாம் அருகில் இருப்பதே அவருக்குத் தெரியாது. முதல்வகை மெதுவில் ஏற்படும் சலிப்பு, அறிவுரை கேட்கும் இளைஞனின் சலிப்பு. இரண்டாம் வகையில் ஏற்படுவது, நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருப்பவருக்கு வரும் சலிப்பு. எழுந்து போகவும் தோன்றும். எழுந்து போனால் உறுத்தவும் செய்யும். எம் மாணவி இருமுறை மூடிவைத்துவிட்டு மூன்றாம் முறை திறந்ததன் காரணம் இதுவாகவே இருக்கும் என இப்போது நினைக்கிறோம்.

இனித் துயரைப் பற்றி. இந்நாவலைச் சோக நாவல் என்கிறார்கள். அச்சொல் மிகப் பரந்தது; கதாநாயகி இறக்கும் திரைப்படத்திற்கும் அதுவே, இதற்கும் அதுவே. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு. பண்டைய நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துதல் அசைவு என்பது பேராசிரியர் உரையின் கருத்து. வறுமைக்கு விளக்கம் வேண்டா. வகுப்பில் இந்நான்கையும் மனப்பாடம் செய்வித்துவிட்டு அடுத்த மெய்ப்பாட்டுக்குச் சென்றுவிடுவோம். அனந்தன் நாயரை இவற்றின் முன் நிறுத்திப் பாருங்கள். மனைவி இறந்திருந்தால் அவருக்கு இழவு மட்டுமே. ஊர் ஆறுதல் கூறும். மனைவி பிறன்பால் சென்றமையால் இழவோடு இளிவும் சேர்கிறது. ஊர் பின்னால் நின்று பேசும். சென்ற இடம் செல்வர் வீடு ஆதலால் வறுமையும் குத்துகிறது. இவற்றைச் சுமந்தபடியே வயது ஐம்பதைத் தொட்டமை அசைவு. நான்கும் ஒருவர்மேல் ஒருங்கே வந்து விழுந்தும், அவர் வாய்விட்டு அழுது தீர்ப்பவர் அல்லர். வெளிப்படாத அழுகை கரையாமல் கிடக்கிறது. நாவலின் மெதுவும் அதன் துயரும் இரு வேறு குணங்கள் அல்ல என்பதை இந்த இடத்தில்தான் உணர்ந்தோம்.

நம் மரபுக்கு இது புதியதும் அன்று. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், நெய்தலுக்கு இரங்கல். இரண்டிலும் நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. தலைவன் வரவில்லை என்பதே பாட்டு. ஐந்தாறு அடிகளில் அதனைப் போற்றிப் படிக்கும் நாம், அதுவே முழு நாவலாகி வரும்போது கதை நகரவில்லை எனக் குறைகூறுகிறோம். அளவு மாறினால் பொறுமையும் மாறும் என்பது நியாயமான விடைதான், மறுக்கவில்லை.

குறையையும் கூறாவிடில் எமது இருமனம் பாதியே ஆகும். நாவல் பெரிதும் அனந்தன் நாயரின் நினைவின் வழியே செல்வதால், கார்த்தியாயினியை அவர் கண்ணால்தான் காண்கிறோம். அழகி, ஆசையுடையவள், விட்டுச் சென்றவள். அவள் அந்த வீட்டில் கழித்த மாலைகள் அவளுக்கு எவ்வாறு இருந்தன? முதல் வாசிப்பில் இவ்வினா எமக்கு எழவில்லை. மூன்றாம் வாசிப்பில் பக்கத்துக்குப் பக்கம் எழுந்தது. ஒரே காயத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கும் மனிதரிடம் முதலில் இரக்கம் வருகிறது. நூறு பக்கத்திற்குப் பின் சிறிது எரிச்சலும் வருகிறது. தன்னிரக்கமும் ஒருவகைத் தன்னலமே அன்றோ என்று கேட்கத் தோன்றுகிறது. இந்த எரிச்சலை ஆசிரியர் வேண்டுமென்றே நம்மிடம் விட்டுச் செல்கிறாரா, அன்றி அவர் அறியாமல் நேர்ந்ததா என்பதில் எமக்கு இன்றும் இருவேறு எண்ணங்கள் உண்டு. சில நாள் முன்னது என்று தோன்றும். நாவலின் தலைப்பு அதற்குத் துணையாகும். பத்மநாபசுவாமி கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாயில்கள் வழியே காண வேண்டும். ஒன்றில் முகம், ஒன்றில் உந்தி, ஒன்றில் திருவடி. முழுவுருவை ஒரே பார்வையில் காண இயலாது. அந்தக் கோயிலை மையமாகக் கொண்ட நாவலில், ஒரு வாயில் வழியே மட்டும் பார்க்கும் மனிதரை நிறுத்தியது தற்செயலாக இராது. இது எமது ஊகமே. மாணவர் இதனை அவ்வாறே கொள்க.

இங்கே, ஜொகூரில், இந்நாவலை யார் படிப்பர்? இவ்வினாவை ஆசிரியர் சிலர் எம்மிடம் கேட்டதுண்டு. 1924-இல் திறக்கப்பட்ட பாலம் இன்று நம் மக்கள் பலரின் நாளை ஆளுகிறது. விடியுமுன் எழுந்து, மோட்டார் சைக்கிளிலோ பேருந்திலோ எல்லையைக் கடந்து, சிங்கப்பூரில் உழைத்து, இருட்டியபின் திரும்புபவரிடம், ஒரு தெருவைக் கடக்க ஒரு மணி நேரம் எடுக்கும் நாவலை நீட்டுவது கொடுமை போலத் தோன்றும். அவர் மெதுவாக இருக்கிறது என்று கூறினால் அது வாசிப்புக் குறைபாடு அன்று. வாழ்வு அவருக்கு வகுத்த வேகம்.

ஆனால் இன்னொன்றும் இங்கே உண்டு. ஸ்கூடாய், மாசாய், உலு திராம் பக்கங்களில் வண்டியில் செல்லும்போது, பின்னிருக்கையில் அமர்ந்த முதியவர் திடீரெனப் பேசத் தொடங்குவதைக் கேட்டிராத குடும்பம் நம்மிடையே குறைவு. இங்கேதான் நம் லயம் இருந்தது, அந்த விளக்குக் கம்பம் இருக்கும் இடத்தில் கோயில் இருந்தது, அதோ அந்தக் கடைவரிசைதான் பெரட்டுக் களம் என்பார். ரப்பர் மரம் நின்ற நிலம் பெரிதும் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டது. இளையோர்க்கு அது ஒரு சமிக்ஞை விளக்கும் ஓர் எண்ணெய் நிலையமும். முதியவர்க்கு அதே நிமிடத்தில் நாற்பது ஆண்டுகள். வண்டி நகர்கிறது, அவர் நகரவில்லை. அனந்தன் நாயர் திருவனந்தபுரத்துத் தெருக்களில் நடப்பது இவ்வாறுதான். பின்னிருக்கைப் பேச்சும் சலிப்பூட்டும், சொன்னதையே சொல்வார், இடையில் யாரேனும் கைப்பேசியை எடுத்துவிடுவர். அவர் மறைந்தபின், அந்தச் சாலையில் செல்லும்போது அப்பேச்சு நினைவுக்கு வரும்.

எனவே வகுப்பில் இத்தகைய நாவலை நடத்தும் ஆசிரியர்க்கு ஒன்று கூற விரும்புகிறோம். கதைச்சுருக்கத்தை முதலில் கொடுக்க வேண்டா. திருப்பங்களால் ஆன கதை சுருக்கத்திலும் ஓரளவு பிழைக்கும். நிறுத்தங்களால் ஆன நாவலில் சுருக்கம் முதலில் நீக்குவது நாவலையே. ‘மனைவி பிரிந்து சென்ற ஒருவர் தம் பிறந்தநாளில் பழையதை நினைக்கிறார்’ என்று கரும்பலகையில் எழுதியபின், மாணவர் எதற்காக நூலைத் திறக்க வேண்டும்? மாறாக, நான்கு பக்கங்களை எடுத்து, நிறுத்தி உரக்கப் படியுங்கள். வினைமுற்றுகளின்கீழ் கோடிடச் சொல்லுங்கள்: எவை போவார் வகை, எவை போனார் வகை? ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எங்கே மாறுகிறது? ஐந்தாம் படிவ மாணவரும் இதனைச் செய்வர். இலக்கணப் பாடமும் அங்கேயே நடந்துவிடும்.

அடுத்து, எங்கே சலித்தது என்று கேளுங்கள். சலிக்கவில்லை என்று சொல்பவரைவிட, எந்தப் பக்கத்தில் சலித்தது எனக் காட்டுபவர் கூர்ந்து படித்தவர். அப்பக்கத்தில் யார் நிற்கிறார், ஆசிரியரா, பாத்திரமா, எந்தக் கடிகாரம் ஓடுகிறது என்று அவரைக்கொண்டே ஆராயச் செய்யலாம். சில இடங்களில் குறை நாவலுடையது என்றே முடிவாகும்; ஆகட்டும். ‘சிறந்த நாவல்’ என்னும் இரு சொல்லை எழுதி மதிப்பெண் பெறும் வழக்கம் நம் தேர்வுத்தாள்களில் மிகுந்துவிட்டது. அவ்வழக்கத்தை வளர்த்தவர்களுள் யாமும் ஒருவர்.

அம்மாணவி பின்னர் ஆசிரியரானார் என்று கேள்வியுற்றோம். அந்த விடைத்தாளுக்கு யாம் அளித்த மதிப்பெண் எமக்கு நினைவில்லை; அவருக்கு நினைவிருக்கலாம். கார்த்தியாயினியைப் பற்றி அவர் என்ன எழுதியிருந்தார் என்பதை இப்போது படித்துப் பார்க்க விரும்புகிறோம். அப்பத்தியைச் சிவப்பு மைக்குக் கீழே யாம் முழுதும் படிக்கவில்லை.